கோடும் பொறுதியும்

கையால் இழுத்த கோட்டை இயந்திரம் தானாகவே ஆராய்ந்து, பெருக்கினும் சுருக்கினும் சிதையாத வடிவமாக்கித் தரும் வித்தை இன்று எமது மாணவர் கைக்கே வந்துவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் பாடசாலையில், வண்ணப்பெட்டி வாங்க வசதியற்ற பிள்ளையும் வீட்டிலுள்ள கையடக்கத் தொலைபேசியின் கண்ணாடியில் விரலால் படம் கீறுகிறது. அப்படத்தைச் சுவரொட்டி அளவுக்குப் பெருப்பித்தால் கோடுகள் படிக்கட்டுப்போல் உடைந்து, சதுரஞ் சதுரமாகத் தெரியும். ஆதலால் அச்சகத்தார் முதலிற் செய்வது அதனைக் காவி வடிவமாக மாற்றுவதே. ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். அந்த இமைப்பொழுதில் நடப்பது யாது, அங்கே தீர்ப்பு வழங்குபவர் யார் என்பனவே நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டவை.

காவி என்றவுடன் துறவியரின் உடையை நினைத்துச் சிரித்த மாணவர் உண்டு. எமது நாட்டுப் பாடநூல்களில் பருமனும் திசையும் உடைய கணியத்துக்கு வழங்கும் பெயர் அது. தமிழ்நாட்டார் திசையன் என்பர். காவுதல் என்னும் வினையிற் பிறந்த சொல், காவடிக்கு உறவு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது என்ற கருத்து அதில் நன்றாக விளங்குகின்றமையால் எனக்கு எமது சொல்லே பிடிக்கிறது.

நான் தமிழ் ஆசிரியன். கணிதம் என் துறையன்று. பாடசாலை ஆண்டு மலரின் பொறுப்பு என் தலையிற் சுமத்தப்பட்டதனாலேயே இந்த விடயத்துக்குள் இறங்க நேர்ந்தது. இறங்கிய பின்னர்தான், இஃது எமக்கு அந்நியமான துறையன்று என்பது புலனாயிற்று. ஒரு கரையோரத்தை இருவகையாகக் காட்டலாம். நிழற்படம் எடுத்து, அதன் ஒவ்வொரு புள்ளியும் கறுப்போ வெள்ளையோ என்று குறித்து வைப்பது ஒன்று. ‘இங்கிருந்து புறப்படு, இன்ன பக்கம் சாய்ந்து வளை, அங்கே போய்ச் சேர்’ என்று வழி சொல்லுவது மற்றொன்று. இரண்டாவதே காவி முறை. வழி சொல்லுவது மொழியின் தொழில். 2001 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் விதந்துரைத்த ‘எஸ்.வி.ஜி.’ என்னும் வடிவில் அமைந்த படமொன்றைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். படம் தெரியாது. சில எழுத்துகளும் எண்களும் வரிவரியாக நிற்கும். ஓர் எழுத்து ‘இவ்விடத்துக்குப் போ’ என்னும்; இன்னோர் எழுத்து ‘நேராக இழு’ என்னும்; பிறிதோர் எழுத்து ‘வளைத்து இழு’ என்னும். வாசிக்கக்கூடிய படம் அது. பண்டைத் தமிழர் ஓவியத்தையும் எழுதினார்கள் என்றே சொன்னார்கள்; எழுத்தும் சித்திரமும் அவர்களுக்கு ஒரே வினையின் இரு பயன்கள். இந்தக் கோப்பைக் கண்டபோது அந்தப் பழைய வழக்கு என் நினைவுக்கு வந்தது.

‘வளைத்து இழு’ என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வளைப்பது? இதற்கான விடையை எங்கள் கணித ஆசிரியர் வெண்கட்டியாலும் நூலாலும் காட்டினார். கரும்பலகையில் நான்கு புள்ளிகளைக் குறித்து அவற்றை வரிசையாக இணைத்தார். மூன்று கோட்டுத்துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறித்து, அம்மூன்றையும் இணைத்தார், இரண்டு துண்டுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தார், ஒரே துண்டு. அதன் நடுப்புள்ளி வளைகோட்டின் மேல் நிற்கும் ஒரு புள்ளி. நடுவிற்குப் பதிலாக மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று வேறு விகிதங்களை எடுத்துக்கொண்டே போனால் வளைகோடு முழுவதும் புள்ளி புள்ளியாக எழுந்து வரும். சாதாரண தர வகுப்புப் பிள்ளை அறிந்த விகிதக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

இவ்வெளிய வழியைக் கண்டவர் போல் டி காஸ்தல்ஷோ என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். சித்திரோவன் மோட்டார் வண்டி நிறுவனத்தில் ஊழியம் பார்த்த அவர் 1959 இல் இதனை எழுதி வைத்தார். நிறுவனம் அதனைத் தொழில் இரகசியமெனப் பூட்டிவிட்டது. போட்டி நிறுவனமாகிய ரெனோவில் பியர் பெசியே என்னும் பொறியியலாளர் 1960களில் தமது வழியில் அதே வளைகோட்டை அடைந்து, தம் ஆய்வை வெளியிட்டார். ஆதலால் இன்று உலகம் முழுவதும் அது பெசியே வளைகோடு. முதலிற் கண்டவரின் பெயரை மறைத்தது அவருடைய திறமைக்குறைவன்று. அறிவைச் சொத்தாகக் கருதிய முதலாளியின் பூட்டு.

அந்த நிறுவனங்களுக்கும் முன்னரே வளைகோட்டுக்கு உடையவர்கள் இருந்தனர். ஐரோப்பியக் கப்பற்றளங்களில், பரந்த தரையில் கப்பலின் உருவை முழு அளவில் வரையும் தொழிலாளர், மெல்லிய மரச்சட்டமொன்றை வளைத்து, ஈயக் கட்டிகளால் ஆங்காங்கே அழுத்தி நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு கீறினர். சட்டம் தன் இயல்பில் எப்படி வளைய விரும்பியதோ அதுவே கப்பலின் விலாவாயிற்று. இன்று கணினி வரைவியலில் பொருத்துவளைவுகளுக்கு வழங்கும் ‘ஸ்பிளைன்’ என்னும் பெயர் அந்த மரச்சட்டத்தின் பெயர்தான். எங்கள் கரையோரத்து ஓடாவிமாரும் பலகையை வளைத்துக் கண்ணால் அளந்தவர்களே. 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டது. அதைக் கட்டிய கைகளின் பெயரை எந்த வளைகோடும் தாங்கவில்லை.

இனி இயந்திரத்தின் தீர்ப்புக்கு வருகிறேன். விரல் கண்ணாடியில் ஓடும்போது தொலைபேசி கோட்டைக் காண்பதில்லை. கணந்தோறும் விரல் நின்ற இடத்தின் ஆள்கூறுகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஒரு சிறிய படகின் விளிம்புக்கே நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேரும். அவற்றைச் சில வளைகோடுகளாகச் சுருக்கும் வழியொன்றை 1990 இல் பிலிப் ஷ்னைடர் வெளியிட்டார். முதலிற் கோடு முழுவதற்கும் ஒரே வளைவைப் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்தப் புள்ளி வளைவிலிருந்து மிகத் தூரத்தில் விலகி நிற்கிறது என்று அளக்க வேண்டும். அத்தூரம் முன்கூட்டியே குறித்த ஓர் அளவுக்குள் அடங்கினால் வளைவை ஏற்றுக்கொள்ளலாம். அடங்காவிடின் அந்த இடத்திலேயே கோட்டை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் இதே விசாரணையைத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே குறித்த அந்த அளவுக்குப் பொறியியலார் வழங்கும் பெயர் பொறுதி. பொறுமைக்கும் அதுவே பெயர். இவ்வளவு பொருத்தமான கலைச்சொல்லை ஆக்கியவரை நான் வாழ்த்துகிறேன்; கையின் விலகலை இயந்திரம் எதுவரை பொறுக்கும் என்பதே இங்கு முழுக் கேள்வியும்.

இதை மாணவருக்கு உணர்த்தக் கணினி தேவைப்படவில்லை. நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட, ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்து வரைபடத்தை விரித்தோம். ஒரு சென்ரிமீற்றர் அரைக் கிலோமீற்றரைக் குறிக்கும் படம் அது. கரைக்கோட்டின் இரு முனைகளில் ஊசி குத்தி, நூலை இழுத்துக் கட்டினோம். நூலிலிருந்து மிகவும் விலகிய முனையைத் தேடி அங்கே ஓர் ஊசி, மறுபடி இரு நூல்கள், மறுபடி தேடல். பொறுதிக்குள் அடங்கிய வளைவுகள் எல்லாம் நேர்கோடாகிவிடும். டக்ளஸ், பியூக்கர் என்னும் இரு கனடிய ஆய்வாளர் 1973 இல் வெளியிட்ட முறை இதுவே. வரைபடக் கோடுகளைச் சுருக்குவதற்காகவே அவர்கள் அதனை ஆக்கினர். பொறுதி இரண்டு மில்லிமீற்றராக இருந்தபோது எமது துறைமுகம் துறைமுகமாகவே இருந்தது. ஒரு சென்ரிமீற்றராக்கினோம், உள்துறைமுகத்தின் சிறு குடாக்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. இரண்டு சென்ரிமீற்றரில் கொட்டியாரக் குடா மட்டும் ஒரு பெரிய பள்ளமாய் எஞ்சிற்று. உலகின் பேரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பேரரசுகள் போட்டியிட்டுக் கைப்பற்றிய கரை, மூன்று நான்கு ஊசிகளுக்கிடையே கட்டிய நூலாயிற்று. பிள்ளைகள் தத்தம் வீடு இருந்த இடத்தைத் தேடினர். சிலருடைய வீடு கடலுக்குள் நின்றது.

சம்பூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன் சிரிக்கவில்லை. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், தம் நிலம் முதலிற் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் தொழில் வலயமாகவும் வரையப்பட்டமையால், 2015, 2016 வரை ஊர் திரும்ப இயலாது முகாம்களிலே கிடந்தனர். வரைபடத்தில் ஒரு கோடு எவ்வளவு பாரமானது என்பதை அவன் நூல் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தக் கோட்டை இழுத்தது எந்தக் கணிதமுறையும் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதர் இழுத்தனர்.

விரலாற் கீறியதும் விரலோட்டமாகவே சேமிக்கப்பட்டதுமான படத்துக்கு மேற்சொன்ன வழி பொருந்தும். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. படம் புள்ளிக் கூட்டமாக மாறி, வாட்ஸ்அப்பில் ஏறி, சுருங்கி, அச்சகத்தை அடைகிறது. அப்போது விரல் எந்த வழியாக ஓடிற்று என்பது யாருக்கும் தெரியாது. கறுப்புத் திட்டுகளின் கரைகளை மட்டும் இயந்திரம் சுற்றிவர வேண்டும். இதற்குப் பெயர்பெற்ற நிரல் ‘பொட்ரேஸ்’. அதனை ஆக்கிய கணித அறிஞர் பீற்றர் செலிங்கர் 2003 இல் அதன் உள்ளியக்கத்தை ஒளிவின்றி எழுதி வெளியிட்டார். பின்னர் அவர் பேராசிரியராக இருந்த டல்ஹவுசி பல்கலைக்கழகமும் ஹாலிஃபாக்ஸ் என்னும் துறைமுக நகரத்திலேயே இருக்கிறது. முதலில் அவருடைய நிரல் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையேயான எல்லைகளைப் பிரித்தெடுக்கும். ஒவ்வோர் எல்லைக்கும் மிகக் குறைந்த பக்கங்களையுடைய பொருத்தமான பல்கோணியைத் தேடும். பல்கோணியின் மூலைகளில் எதைக் கூராக விடுவது, எதை வளைவாக்குவது என்று தீர்மானிக்கும். ஈற்றில், அடுத்தடுத்த வளைவுகளை இணைத்துச் சுருக்கும். மூலையைத் தீர்மானிக்க ஓர் எண் உண்டு. அதனைப் பூச்சியமாக்கினால் எல்லாம் கூர். மூன்றில் நான்கு என்னும் பின்னத்தைத் தாண்டினால் எல்லாம் வழுவழுப்பு. நாம் எதையும் தொடாவிட்டால் அது ஒன்றில் நிற்கும்.

இன்னோர் எண்ணும் உண்டு. குறிப்பிட்ட பரப்புக்கு உட்பட்ட திட்டுகளை அழுக்கெனக் கொண்டு துடைத்துவிடும் எண் அது. எதையும் மாற்றாவிடின் இரண்டு பிக்சல். ஆக்கியோன் விளையாட்டாக அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரை நாகரிகமாகத் தமிழாக்கினால் ‘எச்ச அளவு’ எனலாம். கழிவு என்பதே அவர் கருத்து. இலக்கண ஆசிரியனுக்கு எச்சம் என்பது முடிவு பெறாது நின்று இன்னொரு சொல்லைத் தழுவும் சொல். இரண்டு பொருளும் இங்கே பொருந்துவது வியப்பு.

மூதூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி மலரின் அட்டைக்குப் படம் கீறித் தந்தாள். கரையில் வலை காயப்போட்டிருக்கிறது, வலைக்கண்களுக்கூடாகக் கடல், அடிவானில் நாலைந்து சிறு புள்ளிகள். அச்சகம் ஒன்றில் அதனைத் தானியங்கு முறையில் மாற்றித் தந்தனர். வலை கறுத்த போர்வையாயிற்று. கயிற்றின் பிரிந்த நுனி பளபளப்பான கம்பியாயிற்று. அடிவானம் வெறிச்சோடிப் போயிற்று. “நல்லாத் துப்புரவாக்கியிருக்கிறம்” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் நல்லெண்ணத்துடனேயே சொன்னார். படத்தை வகுப்பிற் காட்டியபோது அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னாள்: “சேர், அது ஊத்தை இல்ல. அது எங்கட வாப்பாட தோணி.”

கடலுக்குப் போனவரைக் கரையில் நின்று பார்த்திருக்கும் வீட்டாருக்கு, தோணி என்பது முதலில் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி தோன்றும்வரை அடுப்பு மூட்டாத வீடுகளை இந்தக் கரையில் நான் அறிவேன். இயந்திரம் அதை அறியாதது குற்றமன்று. எண்ணை மாற்றலாம் என்பது அச்சக இளைஞருக்கு யாராலும் சொல்லிக் கொடுக்கப்படாததே இங்கு குறை. கணித ஆசிரியரும் நானும் அந்த மாணவியும் மூலப்படத்தைச் சுருக்காது கணினியில் ஏற்றி, எச்ச அளவைப் பூச்சியமாக்கி, மறுபடி மாற்றினோம். புள்ளிகள் திரும்பின. அவற்றோடு விரல் தவறிப்பட்ட இரண்டு மூன்று அழுக்குகளும் திரும்பின. எது தோணி, எது அழுக்கு என்று அவளே ஒவ்வொன்றாகச் சுட்டினாள். உண்மையில் அந்தத் தீர்ப்பை வழங்கத் தகுதியுடையவள் அவள் ஒருத்தியே.

தமிழனுக்குப் புள்ளி சிறு பொருளன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என விதித்தது தொல்காப்பியம். குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் அதுவே விதி. ஆயின் ஏட்டில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த எமது சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், புள்ளியில்லா ஏடுகளை வைத்துக்கொண்டு, எது உயிர்மெய், எது மெய், எது குறில், எது நெடில் என்று கண் பூக்கத் தீர்மானித்தனர். கையெழுத்துப் பிரதி ஒன்றை மங்கலாகப் படம்பிடித்து, இன்றைய நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். புள்ளிகள் பறந்துவிடும், ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். ஓலை காலத்துச் சிக்கலைக் கணினி காலத்தில் மறுபடி விலை கொடுத்து வாங்கியவர்களாவோம். புள்ளியே இல்லாத ஆங்கில எழுத்துகள் பெரும்பான்மையாக உள்ள சமுதாயத்திலிருந்து வந்த எண் ஒன்று, எமது எழுத்துக்கு மேல் ஆட்சி செலுத்துகிறது. இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. எண்ணைக் குறித்தவர் தம் முன்னே இருந்த காகிதத்தைப் பார்த்துக் குறித்தார். எமது காகிதம் அவர் முன்னே இருக்கவில்லை.

கோட்டை உழைப்பாகக் கண்டால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. கூகிள் நிறுவனம் 2016 இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஒரு பொருளின் பெயர் சொல்லப்படும்; இருபது விநாடிக்குள் அதைக் கீற வேண்டும்; இயந்திரம் ஊகிக்கும். உலகெங்கும் கோடிக்கணக்கான தடவை மக்கள் விளையாடினர். மறு ஆண்டு, 345 வகைகளில் 5 கோடிப் படங்களைக் கொண்ட தொகுப்பை நிறுவனம் வெளியிட்டது. எந்த ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் அதனை முற்றாகக் குறை கூறேன். ஆயின் விரல் வலிக்க வரைந்தவர்களுக்குத் தாம் வேலை செய்கிறோம் என்ற எண்ணமே இருந்திராது. அத்தொகுப்பின் எளிதாக்கிய வடிவில் ஒவ்வொரு கோடும் நான் மேலே சொன்ன ஊசி, நூல் முறையினாலேயே சுருக்கப்பட்டிருக்கிறது, பொறுதி இரண்டு. வகைகளின் பட்டியலில் பாய்மரப் படகு, விரைவுப் படகு, உல்லாசக் கப்பல், நீர்மூழ்கி ஆகியன உள்ளன. விமானந்தாங்கிக் கப்பலும் உண்டு. 1942 ஏப்ரில் 9 ஆம் திகதி அத்தகைய கப்பல்களிலிருந்து வந்த யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்தமையால் அதனை நாமும் அறிவோம். கட்டுமரம் இல்லை. கரைவலைத் தோணி இல்லை.

என் நண்பர், கதை எழுதும் ஆசிரியர் ஒருவர், இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் இந்தச் சனியனைப் பிள்ளைகள் தொடாமலிருப்பதே மேல்” என்றார். அவருடன் நான் உடன்படவில்லை. இயந்திரத்தை உடைத்த தொழிலாளரின் கோபத்தை மதிக்கிறேன். அவர்களுடைய வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் வரலாறு சொல்லியிருக்கிறது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ற் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974 இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக் கோட்பாட்டு மொழியில் எழுதி வெளியிட்டனர். முற்றத்தில் மாவால் கோலமிடும் பெண்ணின் கை வெறுமனே அலங்காரம் செய்யவில்லை, விதிகளைக் கையாளுகிறது என்பதை அவர்கள் அறிவுலகின் முன் நிறுவினர். கோலத்தைப் பார்த்துப் பிரதி பண்ணும்படி அவர்கள் இயந்திரத்தை ஏவவில்லை. கோலமிடும் முறையை அதற்குக் கற்பித்தனர். இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு!

கருவி யாருடையது என்பதும் வெறும் தத்துவக் கேள்வியன்று. தொழில்முறை வரைவோர் பயன்படுத்தும் அடோபி நிறுவனத்தின் நிரல்கள் 2013 முதல் மாத வாடகைக்கே கிடைக்கின்றன. வாடகை டொலர்க் கணக்கு. 2022 இல் ரூபாய் சரிந்து, 200 ஐ ஒட்டியிருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ஐத் தொட்டபோது, மேல் மாகாணத்தில் காகிதமின்றித் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்ட அந்நாளில், வாடகை கட்டி வரையும் நிலையில் எந்த மாகாணப் பாடசாலை இருந்தது? எமக்குக் கைகொடுத்தது 2003 முதல் தன்னார்வலர் பலர் கூடி வளர்த்துவரும் ‘இங்க்ஸ்கேப்’. பொட்ரேஸ் அதனுள்ளேயே பொதிந்திருக்கிறது. விலையில்லை என்பது சிறப்பில் ஒரு பாதிதான். அதன் மூலநிரலைத் திறந்து எந்த எண் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம் என்பது மறுபாதி. பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் அடிவானத்துத் தோணிகள் எங்கே போயின என்பதை நாங்கள் ஊகித்துக்கொண்டே இருந்திருப்போம்.

எங்கள் பகுதியில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். கடைப் பலகைகள், படகுப் பெயர்கள், மே தினப் பதாகைகள் என்று நாற்பதாண்டுகள் தூரிகை பிடித்தவர். அச்சடித்த பிளாஸ்ரிக் பதாகைகள் வந்த பின் அவருக்கு வேலை அருகிப்போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், அவர் எழுதிய பழைய பலகையொன்றை யாரோ படமெடுத்து, தானியங்கு முறையிற் காவியாக்கி, ஒட்டுத்தாளில் வெட்டிப் படகுகளுக்கு விற்கத் தொடங்கினர். துறையில் நின்ற ஒரு படகில் தம் ழகரத்தை அவர் தாமே கண்டார். அந்த ழகரத்துக்குக் கூலி எதுவும் வரவில்லை. ஆயின் என்னிடம் அதைச் சொன்னபோது கூலியைப் பற்றிப் பின்னரே பேசினார். முதலிற் சொன்னது, “தம்பி, என்ர ழானாவின்ர வாலை மழுக்கிப்போட்டாங்கள்” என்பதே. தூரிகையைத் திருப்பி எடுக்கும்போது விழும் மெல்லிய கூரை, மூலையைத் தீர்மானிக்கும் அந்த எண் வளைவாக்கிவிட்டிருந்தது. அவர் குறிப்பிடும்வரை எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த பின் வேறெதுவும் கண்ணிற் படவில்லை.

அதிபரின் அனுமதியுடன் சனிக்கிழமைகளில் அவர் எமது கணினி அறைக்கு வருகிறார். தாளில் எழுதுகிறார்; பிள்ளைகள் படமெடுத்துத் திரையில் ஏற்றுகின்றனர். தானியங்கு முறை முதல் வரைவைத் தருகிறது. அதில் ஓர் எழுத்துக்கு நாற்பது ஐம்பது கணுக்கள் விழும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் விரலாற் காட்ட, பிள்ளைகள் நீக்குகின்றனர். வளைவின் உச்சியில் ஒரு கணு, திரும்பும் இடத்தில் ஒரு கணு, வால் நுனியில் கூரான ஒன்று. கப்பல் வரைந்தவர் சட்டத்தின் மேல் ஈயக்கட்டி வைத்த இடங்களும் இவை போன்றனவாகவே இருந்திருக்கும். எழுத்துரு முடிந்ததும் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம், ஆக்கியோனின் பெயரை நீக்கக்கூடாது, எழுத்துருவைத் தனியே விற்கக்கூடாது என்று விதிக்கும் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட எண்ணியிருக்கிறோம். அவருக்கு இதனால் சோறு வந்துவிடாது. அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. பாடசாலைப் பழைய மாணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

247 எழுத்துக்கும் 247 வடிவம் வேண்டியதில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். சென்ற சனிக்கிழமை ணகரத்தில் நின்றோம். ஒரு சுழியை வரைந்து மூன்று தரம் ஒட்டினாற் போதாதா என்று மாணவன் ஒருவன் கேட்டான். நடுச்சுழி ஒரு மயிரிழை சிறிதாக இருக்க வேண்டும், இல்லையேல் எழுத்து சரிந்து விழுவதுபோல் தெரியும் என்றார் ஓவியர். சிறிதாக்கிப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. மூதூர்ப் பிள்ளைகளுக்குப் பேருந்து நேரமாகிவிட்டமையால் றகரமும் னகரமும் வரும் வாரத்துக்கு நிற்கின்றன.